வீடு விட்டு வந்த இளைஞர்களுக்கு ஒரு வீடு

1849ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியின் கொலோன் நகரில் பதின்மூன்று நாள் இடைவெளியில் இரு சம்பவங்கள் நடந்தேறின. மே 19ஆம் திகதி கார்ல் மார்க்ஸை ஆசிரியராகக் கொண்டிருந்த 'புதிய ரைன் பத்திரிகை'யின் இறுதி இதழ் முழுவதும் சிவப்பு மையில் அச்சாகி வெளிவந்தது. பிரஷ்ய அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்திருந்தது. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எம்போன்றோர் அந்தச் சிவப்பு இதழைப் பற்றி இளமையிலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். மற்றைய சம்பவம் மே 6ஆம் திகதி நடந்தது. அந்த நகரின் கொலம்பா பாடசாலையில் ஒரு கத்தோலிக்கக் குருவானவரும் கைத்தொழில் செய்யும் ஏழு இளைஞர்களும் கூடி ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். இதனை அந்நாளில் பெரிதாகக் கவனித்தவர் எவருமில்லை.

அந்தக் குருவானவரின் பெயர் அடொல்ப் கொல்பிங். அவர் மறைந்தபோது அந்தச் சங்கத்துக்கு ஐரோப்பாவிலும் அதற்கு அப்பாலும் நானூறுக்கும் அதிகமான கிளைகள் இருந்தன. அவற்றில் பல தமக்கெனச் சொந்த வீடுகளை வைத்திருந்தன. வீட்டை விட்டுத் தொழில் தேடி வந்த, மணமாகாத இளைஞர்கள் உண்ணவும் உறங்கவும் கற்கவும் ஒருவரோடொருவர் உறவாடவும் ஏற்பட்ட வீடுகள் அவை. அந்த வீடுகளின் வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழில் பயின்று முடித்த, ஆனால் இன்னும் சொந்தப் பட்டறை வைக்காத கைவினைஞனை ஜேர்மன் மொழியில் 'கெசல்ல' என்பார்கள். பயிலுநனுக்கும் பட்டறை முதலாளியான ஆசானுக்கும் இடைப்பட்ட படி அது. சொல்லின் வேரை ஆராய்ந்தால் 'ஒரே கூடத்தில் உடன் வசிப்பவன்' என்ற பொருள் கிடைக்கின்றது. நமது பேச்சில் சொல்வதானால் அறைத்தோழன். தொழிலைக் குறிக்க வந்த சொல்லுக்குள் தங்குமிடம் பொதிந்திருப்பது தற்செயலானதன்று. இளைஞன் எங்கே வேலை செய்தானோ அங்கேயே வசித்தான் என்பதற்கு அச்சொல்லே சாட்சி.

மத்திய கால ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கில்ட், அதாவது தொழிற்குழாம் இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு சிறுவன் தச்சரிடமோ, கொல்லரிடமோ, சப்பாத்துத் தைப்பவரிடமோ பயிலுநனாகச் சேர்வான். ஆசானின் கூரையின் கீழ் உறங்குவான். அவரது மேசையில் உண்பான். பயிற்சி முடிந்ததும் கெசல்ல ஆவான். பின்னர் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வெவ்வேறு ஆசான்களிடம் வேலை செய்து அனுபவம் பெறவேண்டும். செல்லும் ஊரில் அவனது தொழிற்குழாத்துக்கென ஒரு தங்குமடம் இருக்கும். படுக்கை கிடைக்கும், வேலை எங்கே இருக்கிறது என்ற தகவலும் கிடைக்கும். பொதுவாக ஆசான் ஆகும்வரை திருமணம் செய்துகொள்ள அவனுக்கு அனுமதியில்லை.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. அதில் அடி உதை இருந்தது, சுரண்டல் இருந்தது, தொழிற்குழாத்தில் செல்வாக்கில்லாதவன் ஆயுள் முழுவதும் கெசல்லவாகவே இருந்து மடியவும் நேர்ந்தது. எனினும் இருபது வயது இளைஞன் ஒருவன் இரவில் எங்கே படுப்பான், யாரோடு உண்பான், நோயுற்றால் யார் பார்ப்பார் என்ற கேள்விகளுக்கு அந்தச் சமூகத்திடம் ஒரு விடை இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த விடை இல்லாமற் போயிற்று. பிரெஞ்சுப் படைகள் ரைன் நதிப் பிரதேசத்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து அங்கு தொழிற்குழாங்கள் ஒழிக்கப்பட்டன. 1815இல் அப்பிரதேசம் பிரஷ்யாவின் கைக்கு மாறியபோதும் பழைய முறை திரும்பவில்லை. எவரும் எத்தொழிலையும் செய்யலாம் என்ற சுதந்திரம் வந்தது. அதன் பின்னால் கைத்தொழிற் புரட்சியும் வந்தது. ஆசான் முதலாளியானார், கெசல்ல கூலியாளானான். கூலியைக் கொடுத்த முதலாளிக்கு அவனது சாப்பாட்டையும் படுக்கையையும் பற்றிய கவலை இருக்கவில்லை. இளைஞர்கள் ஈரம் கசியும் அறைகளில் பலராக நெருங்கிப் படுத்தார்கள். பகலில் ஒருவனும் இரவில் ஒருவனுமாக ஒரே படுக்கைக்கு வாடகை கொடுத்தார்கள். வேலை முடிந்தபின் வெளிச்சமும் சூடும் தோழமையும் கிடைத்த ஒரே இடம் சாராயக்கடை. ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. ஆனால் தங்குமடங்களின் இடத்தில் பொலிஸ் நின்றது. ஒவ்வொரு ஊரிலும் பயண ஏட்டைக் காட்டி முத்திரை பெறவேண்டும். வேலையின்றித் திரிபவன் நாடோடி எனக் கருதப்பட்டான்.

இந்த வாழ்க்கையைப் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர் கொல்பிங். அவர் 1813ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி கொலோனுக்கு அருகிலுள்ள கேர்பன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆடு மேய்ப்பவர். படிக்கவேண்டும் என்ற ஆசை சிறுவனுக்கு இருந்தது. வீட்டில் அதற்கு வசதியில்லை. பன்னிரண்டு வயதில் சப்பாத்துத் தைக்கப் பழகச் சென்றார். பயிற்சி முடிந்து சிற்றூர்கள் சிலவற்றில் வேலை செய்தபின், பதினெட்டு வயதளவில் கொலோன் நகரின் பெரிய பட்டறை ஒன்றில் சேர்ந்தார். தொழிலில் அவர் திறமைசாலி. ஆனால் உடன் வேலை செய்த இளைஞர்களின் வாழ்க்கை அவரை உலுக்கியது. அவர்கள் கெட்டவர்களாகப் பிறந்தவர்களல்லர், கவனிப்பாரின்றிக் கெட்டவர்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த ஆண்டுகளில்தான்.

1837இல், இருபத்து மூன்று வயதில், கொலோனிலுள்ள மார்ட்செலன் உயர்தரப் பாடசாலையில் மாணவராகச் சேர்ந்தார். தம்மிலும் பத்து வயது இளைய சிறுவர்களுடன் ஒரே வாங்கில் அமர்ந்து இலத்தீன் படித்தார். செலவுக்குச் சப்பாத்துத் தைத்தார். 1841இல் தேறி, மியூனிக்கிலும் பொன்னிலும் இறையியல் பயின்று, 1845 ஏப்ரல் 13ஆம் திகதி கொலோனின் மினொரைட் தேவாலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதற்கு முதல்நாள்தான் அவரது தந்தையார் காலமானார். மகனைக் குருவாகக் காணும் பாக்கியம் அந்த ஏழை மேய்ப்பருக்குக் கிட்டவில்லை.

முதல் நியமனம் எல்பர்பெல்ட் நகருக்கு. வூப்பர் பள்ளத்தாக்கிலுள்ள அந்த நகரும் அயல் நகரான பார்மனும் ஜேர்மனியின் ஆரம்பகால நெசவாலை நகரங்கள். பார்மனில் ஓர் ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்தவர்தான் பிரெடெரிக் ஏங்கல்ஸ். 1845 பெப்ரவரியில் ஏங்கல்ஸ் எல்பர்பெல்ட்டில் பொதுவுடைமை பற்றிக் கூட்டங்கள் நடத்திப் பேசினார். அவர் ஊரைவிட்டுப் பிரசல்ஸுக்குச் சென்ற அதே ஆண்டில்தான் கொல்பிங் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். இருவரும் கண்டது ஒரே வறுமையைத்தான். ஒருவர் அதிலிருந்து வர்க்கப் போராட்டத்தை நோக்கிச் சென்றார். மற்றவர் ஒரு மேசையையும் சில நாற்காலிகளையும் தேடிச் சென்றார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். இந்த இயக்கத்தின் முதல் எண்ணம் கொல்பிங்குடையதன்று. எல்பர்பெல்ட்டில் யொஹான் கிரெகோர் புரோயர் என்றொரு பாடசாலை ஆசிரியர் இருந்தார். உள்ளூர்க் கைவினை இளைஞர்கள் சிலர் கூடிப் பாடுவதற்கு இடம் கேட்டபோது அவர்களுக்கு உதவி, 1846இல் ஒரு சங்கமாக அவர்களை ஒழுங்குபடுத்தியவர் அவரே. 1847இல் அச்சங்கத்தின் தலைவராகக் கொல்பிங் தெரிவானார். ஒரு ஊரின் சங்கத்தைக் கண்டவருக்கு, ஊர் ஊராகச் செல்லும் இளைஞர்களுக்கு ஊர்தோறும் ஒரு சங்கம் வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. அந்த எண்ணமே அவருடைய சொந்தச் சேர்க்கை. சிறிய ஊரிலிருந்து அதனைச் செய்ய இயலாது என்று உணர்ந்து கொலோனுக்கு மாற்றம் பெற்று வந்தார். மே 6ஆம் திகதிக் கூட்டம் அவ்வாறு நடந்ததே. அதே வாரத்தில் எல்பர்பெல்ட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்து தடையரண்கள் அமைத்தார்கள். ஏங்கல்ஸ் அங்கு விரைந்து சென்றார் என்பதும் வரலாறு.

கொலோனில் ஆரம்பித்தபோது சங்கத்துக்குச் சொந்த இடமிருக்கவில்லை. 1853இல்தான் சொந்த வீடு திறக்கப்பட்டது. அந்த வீடு எவ்வாறு இயங்கிற்று என்பதைப் பார்ப்போம்.

ஊருக்குப் புதிதாக வரும் இளைஞன் சங்கத்தின் பயண ஏட்டைக் காட்டினால் படுக்கையும் உணவும் கிடைக்கும். வேலை தேடிக்கொடுப்பார்கள். வேலை கிடைத்தபின் அங்கேயே தங்கலாம், அல்லது வெளியே தங்கி மாலையில் வரலாம். மாலை வேளைகளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, வரைதல், கணக்குப்பதிவு ஆகிய வகுப்புகள் நடந்தன. பட்டறை வைக்க ஆசைப்படும் தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் மட்டும் போதா; வரைபடம் வரையவும் வரவு செலவு எழுதவும் தெரியவேண்டும் என்பதை முன்னாள் தொழிலாளியான கொல்பிங் அறிந்திருந்தார். பாட்டு இருந்தது; நாடகம் இருந்தது; பத்திரிகைகள் வாசிக்கக் கிடைத்தன. சேமிப்பு நிதி இருந்தது. நோயுற்றவருக்கு உதவும் ஏற்பாடும் இருந்தது.

நிர்வாகம் மூன்று தூண்களில் நின்றது. குருவானவர் ஒருவர் தலைவராக இருப்பார். இளைஞர்கள் தமக்குள் ஒருவரை 'மூத்தவர்' எனத் தெரிவுசெய்வார்கள். மூன்றாவதாக ஊரின் ஆசான்களும் வைத்தியர்களும் வணிகர்களும் அடங்கிய ஒரு பாதுகாப்புச் சபை இருக்கும். அவர்களில் பலர் மாலை வகுப்புகளில் இலவசமாகக் கற்பித்தார்கள். இந்த மூன்றாவது தூணே எனக்கு முக்கியமானதாகப் படுகின்றது. உறவினரில்லாத ஊரில் இருபது வயது இளைஞனுக்கு இல்லாதது அறிமுகம்தான். கணக்குக் கற்பிக்க வரும் வணிகர் நாளை அவனுக்குக் கடன் கொடுக்கக்கூடும். வரைதல் கற்பிக்க வரும் ஆசான் தம் பட்டறையில் அவனைச் சேர்த்துக்கொள்ளக்கூடும். பணக்காரரின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலே கிடைக்கும் இந்த வலைப்பின்னலை மேய்ப்பனின் மகனுக்கும் கிடைக்கச் செய்ததே அந்த வீட்டின் சாதனை.

அந்த வீடு வாழ்நாள் முழுவதும் இருப்பதற்கான இடமன்று என்பதும் கவனிக்கத்தக்கது. மணம் முடித்துப் பட்டறை வைத்தவன் அங்கிருந்து வெளியேறினான். நல்ல கிறிஸ்தவனாக, நல்ல கைவினைஞனாக, நல்ல குடும்பத் தலைவனாக, நல்ல பிரஜையாக இளைஞனை ஆக்குவதே நோக்கம் என்று கொல்பிங் எழுதியும் பேசியும் வந்தார். வெளியேறுவதற்காகவே உள்ளே எடுக்கும் வீடு அது.

கொல்பிங் ஒரு பத்திரிகையாளருமாவார். 1854 முதல் 'ரைன் மக்கள் இதழ்' என்ற வாராந்த ஏட்டை வெளியிட்டு, இறக்கும்வரை அதில் எழுதிவந்தார். குடும்பத்தார் மாலையில் கூடியிருந்து வாசிக்கக்கூடிய எளிய கதைகளும் நாட்டு நடப்பும் அதில் இருக்கும். ரயிலில் ஜேர்மனி, ஒஸ்திரியா எங்கும் பயணம் செய்து புதிய சங்கங்களை ஆரம்பித்துவிட்டுத் திரும்பிவந்து ஏட்டுக்குக் கட்டுரை எழுதுவார். வாரந்தோறும் இதழ் நிரப்பும் தொழிலின் பாரம் எனக்குத் தெரியும் என்பதால் அந்த உழைப்பை எண்ணி வியக்கிறேன். 1865 டிசம்பர் 4ஆம் திகதி, ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், காலமானார். தாம் குருவான அதே மினொரைட் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அக்காலத்தில் இதே கேள்விக்கு வேறிரண்டு நகரங்களிலும் விடை தேடப்பட்டது. இலண்டனில் துணிக்கடைச் சிப்பந்திகள் கடைக்கு மேலேயுள்ள அறைகளில் கூட்டமாக உறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர், 1844 யூன் 6ஆம் திகதி பதினொரு தோழர்களுடன் சேர்ந்து ஆரம்பித்ததே வை.எம்.சி.ஏ. இத்தாலியின் டியூரின் நகரில் அருட்தந்தை யோன் பொஸ்கோ 1847இல் வீடற்ற சிறுவர்களைத் தம்மிடத்தில் தங்கவைக்க ஆரம்பித்தார். பயிலுநர்களை அடிக்கக்கூடாது, வீட்டு வேலை வாங்கக்கூடாது, ஓய்வுநாள் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனைகளுடன் ஆசான்களிடம் எழுத்துமூல ஒப்பந்தம் பெற்றவர் அவர். ஐந்தாண்டு இடைவெளிக்குள் மூன்று நகரங்களில், ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யாமல், ஒரே முயற்சி தோன்றியிருக்கிறது என்றால் அதற்கான தேவை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கவேண்டும்!

நமது நாட்டுக்கும் இக்கதையில் பங்குண்டு. வை.எம்.சி.ஏ. 1882இல் கொழும்பில் காலூன்றியது. அதற்கும் முந்தியது வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் டானியல் பூர் தலைமையில் அங்கு ஆரம்பித்த செமினரி, இளைஞர்களை உடன் தங்கவைத்து உணவும் கல்வியும் இலவசமாகக் கொடுத்தது. கொடையளித்த அமெரிக்கர்களின் பெயர்களை மாணவர்களுக்குச் சூட்டும் வழக்கமும் அங்கு இருந்தது. கல்வி பெற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்கிறார்கள், மதப் பணிக்கு வருவோர் குறைவு என்ற குறை மிஷன் தலைமைக்கு இருந்தது. 1855இல், கொல்பிங்கின் வீடுகள் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில், செமினரி மூடப்பட்டது. அங்கு கற்ற சி.வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னர் சைவராகவே வாழ்ந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். மிஷனின் கணக்கேட்டில் அவர் இழப்பாக இருந்திருக்கலாம். தமிழின் கணக்கேட்டில் அவரை எங்கே எழுதுவது?

இந்தக் கேள்வியோடு ஜேர்மனிக்குத் திரும்பினால் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கொலோனுக்கு எதிர்க்கரையிலுள்ள டொய்ட்ஸ் என்ற இடத்தில் 1840இல் ஒரு படைவீரரின் மகனாக அவுகுஸ்ட் பெபல் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். பதின்மூன்று வயதில் தாயையும் இழந்தார். கடைசல் தொழில் பழகி, 1858இல் பயணம் புறப்பட்டார். அவர் புரட்டஸ்தாந்துக்காரர். ஆயினும் தென் ஜேர்மனியின் பிரைபுர்க் நகரிலும் பின்னர் ஒஸ்திரியாவின் சால்ஸ்புர்க் நகரிலும் கத்தோலிக்கக் கைவினைஞர் சங்கத்தில் அவர் சேர்ந்துகொண்டார். வேற்று மதப் பிரிவினரையும் அங்கு சேர்த்துக்கொண்டார்கள். மதம் மாறும்படி வற்புறுத்தவில்லை. அநாதையான அந்த இளைஞனுக்கு வயதொத்த தோழர்களும் வாசிக்கப் பத்திரிகைகளும் மாலைப்பொழுதைக் கழிக்க ஓர் இடமும் அங்கு கிடைத்தன.

பெபல் 1860இல் லைப்சிக் நகரில் குடியேறினார். 1869இல் வில்ஹெல்ம் லீப்க்னெக்டுடன் சேர்ந்து சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1872இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் சிறைத் தண்டனை பெற்றார். 1913இல் இறக்கும்வரை ஜேர்மன் தொழிலாளர் இயக்கத்தின் ஈடிணையற்ற தலைவராக விளங்கினார். மதத்தை வெளிப்படையாக மறுத்தவர் அவர். அவ்வாறிருந்தும் முதுமையில் எழுதிய தன்வரலாற்றில், தாம் இளமையில் சேர்ந்திருந்த கத்தோலிக்கச் சங்கங்களைப் பற்றியும் அங்கு நிலவிய சகிப்புத்தன்மையைப் பற்றியும் நன்றியுடன் குறிப்பிட்டிருக்கிறார். அவர் வாழ்ந்த காலத்தில் கத்தோலிக்கரும் சமூக ஜனநாயகவாதிகளும் அரசியலில் கடும் எதிரிகள் என்பதை நினைவிற் கொண்டால்தான் அந்த வரிகளின் பெறுமதி விளங்கும்.

ஒரு வீட்டை அளப்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லையென்பது என் எண்ணம். எத்தனைபேரைத் தன் கொள்கைக்குள் தக்கவைத்தது என்று கேட்பது எளிது. தன்னைவிட்டு வேறு வழியிற் சென்றவன் அரை நூற்றாண்டின் பின் அதனை எவ்வாறு நினைவுகூர்கிறான் என்பதே கடினமான கேள்வி.

கொல்பிங்கின் மீது வைக்கப்படும் விமர்சனங்களையும் சொல்லாமல் விடலாகாது. கைவினைஞர்களைக் கவனித்த அவர் ஆலைத் தொழிலாளரின் பிரச்சினைக்கு விடை தரவில்லை. கூலி, வேலை நேரம், சட்டம் ஆகியவற்றைப் பற்றிய போராட்டம் அவருடைய பாதையன்று; தனிமனிதனும் குடும்பமும் திருந்தினால் சமூகம் திருந்தும் என்று நம்பியவர் அவர். தொழிலாளரின் உரிமை பற்றித் திருச்சபையின் தலைமையே முழுமையாகப் பேசுவதற்கு 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் சுற்றுமடல் வரவேண்டியிருந்தது. குருவானவரைத் தந்தையாகவும் இளைஞரைப் பிள்ளைகளாகவும் வைத்த அமைப்பில் தந்தையின் சொல்லே இறுதிச் சொல்லாக இருக்கும் ஆபத்தும் இருந்தது. பெண்களுக்கு நெடுங்காலம் அங்கு இடமிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்தக் கதவு திறந்தது. ஒரே கூரையின் கீழ் இளையோரும் அதிகாரமுள்ள மூத்தோரும் வாழும் எந்த நிறுவனத்திலும் கண்காணிப்பு இல்லாவிடில் என்ன நேரும் என்பதை அண்மைய தசாப்தங்களில் பல நாடுகளின் திருச்சபை விடுதிகள் பற்றிய விசாரணைகள் வேதனையுடன் காட்டியிருக்கின்றன. இளைஞர்கள் தாமே தெரிவுசெய்த 'மூத்தவரும்' வெளியாரைக் கொண்ட பாதுகாப்புச் சபையும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவையாக இருக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த வீடுகள் ஒரு பெரிய சோதனையையும் சந்தித்தன. 1933 யூனில் மியூனிக் நகரில் கூடிய கத்தோலிக்கக் கைவினைஞர் மாநாட்டை நாஸிகளின் எஸ்.ஏ. குண்டர்கள் தாக்கிக் குலைத்தார்கள். இளைஞர் எல்லோரும் கட்சிக்கே உரியவர்கள் என்று கருதிய ஆட்சிக்கு, வேறொரு மேசையில் கூடி உண்ணும் இளைஞர்கள் கண்ணில் விழுந்த துரும்பாயினர். கொலோனின் கொல்பிங் இல்லத்தை நிர்வகித்துவந்த தியோடர் பாபிலோன், ஹிட்லர்மீதான கொலை முயற்சிக்குப் பின்னர் 1944 ஓகஸ்டில் கைதானவர்களுள் ஒருவர். அவர் 1945இல் புக்கன்வால்ட் வதைமுகாமின் கிளை முகாமொன்றில் உயிரிழந்தார்.

யுத்தத்தின் பின் வீடுகள் மீண்டும் எழுந்தன. 1991 ஒக்ரோபர் 27ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொல்பிங்கை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் அவர் பெயரால் சங்கங்கள் இயங்குகின்றன. ஜேர்மனியில் தொழிற்பயிற்சிக்காக வேற்றூர் செல்லும் இளையோர் தங்கும் கொல்பிங் இல்லங்கள் இப்போதும் உள்ளன. இப்போது யுவதிகளும் அங்கு தங்குகிறார்கள்.

இதனை ஏன் தமிழில் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். வீடு விட்டுச் செல்லும் இளைஞன் நமக்கும் அந்நியனல்லன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞர் வேலைக்குக் கொழும்பு சென்றவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைத்துண்ட 'சமறி'களைப் பழைய தலைமுறையினர் நினைவில் வைத்திருப்பார்கள். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் வெள்ளவத்தையில் ஐவராக ஓர் அறையில் இருந்தோம். தங்குமிடத்தைப் பொலிஸில் பதிந்த துண்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருந்த காலம் அது. பின்னாளில் கைவினைஞரின் பயண ஏட்டைப் பற்றிப் படித்தபோது அந்தத் துண்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் அறையில் தோழமைக்குக் குறைவிருக்கவில்லை. மூத்தவர் ஒருவர்தான் இருக்கவில்லை. வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது, நோயுற்றால் எங்கே செல்வது, எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்பவற்றையெல்லாம் ஒருவர் தடுமாற்றத்திலிருந்து மற்றவர் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்ள முடியாமற் போனவர்களும் உண்டு. எண்பதுகளில் ஜேர்மனிக்கும் சுவிற்சலாந்துக்கும் பிரான்ஸுக்கும் சென்ற நம் இளைஞர்களின் அறைகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக ஒரு கட்டிலைப் பகிர்ந்த கதைகளை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இன்று அதே நகரங்களில் அவர்களுக்கு வீடுகள் இருக்கின்றன. கோயில்கள், மண்டபங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுவிழாக்களும் மலர் வெளியீடுகளும் குறைவின்றி நடக்கின்றன. ஆனால் நேற்று வந்திறங்கிய இருபது வயதுப் பையன் ஒருவன் இந்த மண்டபங்களின் வாசலில் நின்றால், அவனுக்கு ஒரு படுக்கையும் மாலையில் மொழி கற்பிக்க ஒருவரும் வேலைக்கு அறிமுகப்படுத்த ஒருவரும் கிடைப்பார்களா? கொல்பிங்குக்கு ஆரம்பத்தில் மண்டபமே இருக்கவில்லை. இரவல் பாடசாலை அறையும் ஏழு இளைஞர்களுமே இருந்தார்கள். நமது சங்கங்களின் அடுத்த நிர்வாகக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் இந்தக் கேள்வியையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.